பிணிக்குப் பூட்டு!

2005-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். அசாம் மாநிலத்தின் குவாஹாட்டிச் சிறைக்கதவு ஒரு முதியவருக்காகத் திறந்தது. அகவை 77. அவரை வெளியே விடுவதற்குக் கேட்கப்பட்ட பிணைத்தொகை எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய்! பெயரளவுக்கு ஓர் ஒற்றை ரூபாய்! அந்த ரூபாய்க்கு முன்னதாகவே அவர் தம் வாழ்விலிருந்து 54 ஆண்டுகளை விலையாகக் கொடுத்து முடித்திருந்தார்.

மச்சாங் லாலுங் என்பது அவர் பெயர். பழங்குடியில் பிறந்தவர். 1951-ஆம் ஆண்டு, 23 அகவை நிரம்பிய காளைப் பருவத்தில், ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் பிடிக்கப்பட்டார். சித்தம் தெளிவாக இல்லை என்று கண்டு தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினர். 1967-இல், ‘நலம் பெற்றுவிட்டார்’ என்று மருத்துவர்கள் சான்று தந்தனர். நலம் பெற்றவர் எங்கே செல்வார்? வீட்டிற்கு என்போம் நாம். அவர் அனுப்பப்பட்டது சிறைக்கு! அங்கே மேலும் 38 ஆண்டுகள்!

வழக்கு நடந்ததா? நடக்கவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை. ‘இவன் குற்றவாளி, இத்தனை ஆண்டு சிறை’ என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி யார்? ஒருவரும் இலர். நாடு தன் முதற் பொதுத்தேர்தலைக் கண்ட காலத்தில் உள்ளே போனார். பதினான்காவது மக்களவை அமர்ந்திருந்த காலத்தில் வெளியே வந்தார். ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், சட்டப் புத்தகங்கள்கூட மாறின. அந்த ஒரு பூட்டு மட்டும் மாறவில்லை.

கேட்டதும் குருதி கொதிக்கிறது அல்லவா? ‘எந்தக் கொடியவன் செய்த வேலை இது?’ என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? பொறுங்கள், தோழர்களே! இந்தக் கதையில் கொடியவன் எவனும் இல்லை. இதிலே நம்மை நடுங்க வைக்க வேண்டியதும் அதுவேதான்.

தன்மீது சாட்டப்பட்ட குற்றம் யாதென்று உணர இயலாதவனைக் கூண்டிலேற்றி விசாரிப்பது அறமன்று என்று சட்டம் கருதுகிறது. ஆகவே அவனுக்குத் தெளிவு வரும்வரை விசாரணையை நிறுத்தி வை. அதுவரை அவனைப் பாதுகாப்பாக வைத்திரு என்கிறது. கருணையில் பிறந்த விதிதான், குற்றம் கூறுவதற்கில்லை. ஆனால் நிறுத்தி வைத்த விசாரணையை மீண்டும் தொடங்க யாரேனும் நினைவூட்ட வேண்டுமே! சிறையதிகாரி, மருத்துவமனை எழுதட்டும் என்றிருப்பார். மருத்துவமனை, மன்றம் கேட்கட்டும் என்றிருக்கும். மன்றமோ, கட்டு வந்தால் பார்ப்போம் என்றிருக்கும். வந்து கேட்க உறவினர் இல்லை. வாதாட வழக்குரைஞர் இல்லை. ‘எனக்குத் தெளிந்துவிட்டது, என்னை விசாரியுங்கள்’ என்று அவனே கூவினாலோ, பித்தன் பிதற்றுகிறான் என்பர்! எவரும் கொல்லவில்லை, எல்லோரும் மறந்தனர். மறதியே தண்டனையாயிற்று.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்தி எடுத்தவன், தெளிந்த அறிவோடு எடுத்தவன், திட்டமிட்டுக் குத்தியவன் — அவனுக்கு மன்றம் ஐந்தாண்டு என்கிறது, பத்தாண்டு என்கிறது. அவன் கொட்டடிச் சுவரில் கோடு கிழித்து நாளை எண்ணுகிறான். ஆயுள் தண்டனை பெற்றவனுக்கும் ஆண்டுகள் பல கழிந்தபின் விடுதலைக்கு மனுச்செய்ய வழி உண்டு. அறிவு கலங்கிய நிலையில் செய்தானோ, செய்யவே இல்லையோ என்று எவரும் ஆராய்ந்தறியாத நோயாளிக்கோ கோடு கிழிக்கச் சுவர் இருக்கிறது. எண்ணி முடிக்க ஓர் இறுதி நாள் இல்லை. குற்றவாளிக்கு நாள் உண்டு, நோயாளிக்கு நாள் இல்லை! குற்றத்தைவிடப் பெரிய குற்றமா பிணி? இதுதான் நாம் விடை காண வேண்டிய வினா.

விசாரணைக் கைதியை, அவன்மீது சாட்டிய குற்றத்துக்குரிய பெருமத் தண்டனையில் பாதிக் காலத்துக்குமேல் அடைத்து வைக்கலாகாது என்ற பொதுவிதி, சில பெருங்குற்றங்கள் நீங்கலாக, இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2006-இல். மச்சாங் லாலுங் வெளிவந்து ஓராண்டு ஆனபின்!

‘எங்கோ ஒரு மூலையில் நேர்ந்த பிழை’ என்று ஆறுதல் கொள்ள முயல்வோர் உண்டு. அவர்கள் 1982-ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் பார்க்கட்டும். அன்றைய பீகாரின் ஹசாரிபாக் நடுவண் சிறையில், சித்தம் கலங்கியோர் என்ற காரணத்தால் இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சிலர் அடைபட்டுக் கிடப்பதை ஒரு கடிதம் உச்சநீதிமன்றத்துக்கு எடுத்துரைத்தது. கடிதத்தையே மனுவாக ஏற்று மன்றம் ஆராய்ந்தது. அவர்களிற் சிலருக்கு எப்போதோ தெளிவு திரும்பியிருந்தது, கதவுதான் திறக்கவில்லை. மனநோயாளரைப் பாதுகாப்பு என்ற பெயரால் சிறைக்கு அனுப்பும் வழக்கம் நல்வழக்கமன்று, சிறை நோய் தீர்க்கும் இடமன்று என்று மன்றம் இடித்துரைத்தது.

அடுத்து, மேற்கு வங்கத்தைப் பாருங்கள். அங்கே சிறைப் பதிவேடுகளில் ஒரு பிரிவு இருந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘குற்றம் செய்யாத பித்தர்’! இட்டுக்கட்டி எழுதவில்லை நான். வெள்ளையர் ஆட்சியில் 1912-ஆம் ஆண்டு இயற்றிய பித்தர் சட்டத்தின் நிழலில் வளர்ந்த பெயர் அது. தெருவில் அலைந்தவர், குடும்பம் கைவிட்டவர், ஊர் பேர் சொல்லத் தெரியாதவர் — இவர்களைக் காவலர் பிடித்து வர, ‘பாதுகாப்புக்காக’ சிறையில் அடைத்தனர். குற்றவாளியா என்று பதிவேட்டைக் கேட்டால் ‘அல்லர்’ என்று அதுவே எழுத்தில் சொல்கிறது. பின் ஏன் சிறை என்று கேட்டால் பதிவேட்டிடம் விடையில்லை! செய்தியாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், 1993 ஆகஸ்டுத் திங்களில், குற்றம் செய்யாத மனநோயாளரைச் சிறையில் அடைப்பது சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் முரணானது என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. விடுதலை பெற்று 46 ஆண்டுகள் ஆயின, இந்த ஒரு வரியை எழுத!

சட்டத்தை விடுங்கள், அறத்தைக் கேட்போம். தண்டனை என்பது என்ன? தீமை இதுவென்று அறிந்தும், விலகும் ஆற்றல் இருந்தும், விலகாதவனுக்குச் சமுதாயம் கூறும் கண்டனம். அறியும் ஆற்றலே அற்றுப் போனவனுக்குக் கண்டனம் ஏது? கடுஞ்சுரத்தில் கிடக்கும் ஒருவன், நினைவு தப்பிய நிலையில், தன் நெற்றியில் ஈரத்துணி இடும் தாயின் கையைத் தட்டிவிட்டு அறைந்தும் விடுகிறான். தாய் என்ன செய்கிறாள்? காவல் நிலையத்துக்கா ஓடுகிறாள்? ‘சுரம் ஏறிவிட்டதே’ என்று மருத்துவரைத் தேடி ஓடுகிறாள். உடலின் சுரத்துக்கு மருந்து, உள்ளத்தின் சுரத்துக்கு விலங்கு என்பது எந்த ஊர் நியாயம்?

இது புதுமையான கருத்துமன்று. 1843-இல் இங்கிலாந்தின் முதலமைச்சர் ராபர்ட் பீலின் செயலாளரை மக்நாட்டன் என்பவன் சுட்டான், சுடப்பட்டவர் இறந்தார். கொன்றவன் சித்தம் கலங்கியவன் என்று கண்டு, குற்றவாளி அல்லன் என்றது மன்றம். மனநோய் இல்லத்துக்கு அனுப்பியது. அவ்வழக்கையொட்டிப் பிறந்த நெறி 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாக இங்கே வந்தது. தன் செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய இயலாத அளவுக்கு அறிவு கலங்கியவன் செய்தது குற்றமாகாது என்பது அதன் சாரம். 2024-இல் தண்டனைச் சட்டம் பெயரும் எண்ணும் மாறியபோதும் இந்நெறி மாறாமல் நின்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டப்புத்தகம் ‘குற்றமில்லை’ என்கிறது. சிறைச்சாவியோ ‘இருக்கட்டும் உள்ளே’ என்கிறது!

ஏன் இந்த முரண்? சட்டம் மாறினும் உள்ளம் மாறவில்லை என்பதே விடை. மனநோயைப் பிணியென்று நம் சமுதாயம் இன்னும் முழு மனத்தோடு ஏற்கவில்லை. வயிற்றுவலி வந்தால் நோய் என்பவர், மனம் கலங்கினால் பேய் என்கிறார், பில்லி சூனியம் என்கிறார், முன்வினை என்கிறார். வினைப்பயன் என்று சொல்லிவிட்டால் போதும், நோயாளி அந்த நொடியிலேயே குற்றவாளி ஆகிவிடுகிறான்! முற்பிறப்பில் ஏதோ செய்தான், இப்பிறப்பில் நுகர்கிறான், நுகரட்டும்! சிறைக்கதவு பூட்டப்படுவதற்கு நெடுநாள் முன்பே இந்த எண்ணம் அவனைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடுகிறது.

அந்தச் சுவர் எரிந்ததையும் கண்டவர் நாம். 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவை நாடி, நோய் தீரும் என்று நம்பி வந்த குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளை, உடன்பிறந்தாரை, மனைவியரை அங்கிருந்த காப்பகங்களில் விட்டுச் சென்றிருந்தன. விடியற்காலையில் ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. தீயைக் கண்டதும் ஓடும் அறிவு அவர்களுக்கும் இருந்தது. ஓடக் கால்களும் இருந்தன. கால்களில் சங்கிலியும் இருந்தது. 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணைத்தது இரும்பு மட்டுமா? ‘இவர்களுக்கு என்ன தெரியும்’ என்ற நம் எண்ணமும் அன்றோ!

‘என்ன தெரியும்’ என்ற இந்தச் சொல் உலகெங்கும் ஒலித்த சொல். 1841-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சிறையிலிருந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் சொல்லச் சென்றார் டாரத்தியா டிக்ஸ் என்ற ஆசிரியை. நடுங்கும் குளிரில், கணப்பு இல்லாத அறையில், மனநோயாளர் கிடப்பதைக் கண்டார். ஏன் நெருப்பு இல்லை என்று கேட்டார். பித்தருக்குக் குளிர் உறைக்காது என்பதே அவருக்குக் கிடைத்த விடை! அவர் வாளாவிருக்கவில்லை. மாநிலமெங்கும் சிறை சிறையாகச் சென்று, கண்டதைக் குறித்து, 1843-இல் சட்டமன்றத்தின் முன் முறையீடாக வைத்தார். பதவி இல்லை, படை இல்லை. கண்ணால் கண்டதை எழுதும் கை இருந்தது. மருத்துவமனைகள் எழுந்தன.

இனி, நம்மை நோக்கியே ஒரு வினா. பகுத்தறிவு, பகுத்தறிவு என்று முழங்குவோர் நாம். அறிவே மனிதனை விலங்கினின்று பிரிக்கிறது என்று மேடைதோறும் சொல்வோர் நாம். அவ்வாறாயின், அந்த அறிவு கலங்கிப் போனவன் யார்? மனிதன் அல்லனா? அவனுக்கு உரிமை இல்லையா? இந்த வினாவுக்கு நேர்மையாக விடை சொல்லாவிட்டால், நம் பகுத்தறிவும் இன்னொரு வருண தருமமாகிவிடும். பிறப்பால் மேல் கீழ் என்றனர் அவர்கள். அறிவால் மேல் கீழ் என்றவர் ஆவோம் நாம்!

என் விடை இது. அறிவு மனிதனுக்கு உரிமையைத் தரும் பட்டயம் அன்று. அறிவுடையவன்மீது சுமத்தப்பட்ட கடமை. கண் உள்ளவன் கண்ணற்றவனுக்கு வழிகாட்டக் கடமைப்பட்டவன். அவன் கோலைப் பறிக்க உரிமை பெற்றவன் அல்லன். சிந்திக்க முடிந்தவர், சிந்திக்க முடியாது தவிப்பவருக்காகவும் சிந்திக்க வேண்டும். ஒரு நாட்டின் பகுத்தறிவை அதன் அறிஞர்களின் பேச்சைக் கொண்டு அளக்காதீர்கள். அறிவு கலங்கியவனை அது எந்த அறையில் வைத்திருக்கிறது என்று கேட்டு அளந்து பாருங்கள்!

மறுப்புரைகள் வரும் என்பதை அறிவேன். ‘கையில் கல்லெடுத்து அடிக்க வருபவனை அவிழ்த்து விடுவதா?’ என்பர். அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. பிறருக்கு இன்னல் விளைக்கும் நிலையில் இருப்பவனைச் சில நாள் தடுத்து வைக்க வேண்டியது உண்டு. ஆனால் தடுத்து வைப்பது மருத்துவத்தின் பகுதியாக இருக்க வேண்டும். மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். ‘இன்னும் தேவையா’ என்று குறித்த காலத்தில் கேட்கும் ஒரு மன்றம் வேண்டும். தெளிந்ததும் வெளியே செல்ல வாயில் வேண்டும். உள்ளே போகும் வாயில் மட்டும் உள்ள வீட்டுக்கு மருத்துவமனை என்றா பெயர்? மேலும் ஒன்று: மனநோயாளர் பெரும்பாலோர் எவரையும் அடிப்பவர் அல்லர், அடிபடுபவர். கல்லெறியும் பித்தனைப் பற்றிக் கதை கட்டும் ஊர், அவன்மேல் கல்லெறியும் சிறுவரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

‘பெற்றவர்களே கட்டி வைக்கிறார்களே’ என்பர் வேறு சிலர். ஆம், கட்டி வைக்கிறார்கள். கூலி வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையிலுள்ள தாய், மகனைத் தூணில் கட்டிவிட்டுப் போகிறாள். அவள் கொடியவளா? அந்தக் கயிற்றை அவள் கையில் கொடுத்தது யார்? சென்னையில் மனநோயாளருக்கென 1794-லேயே ஓர் இல்லம் தோன்றியது. 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. ஆனால் ஏர்வாடியிலிருந்து கீழ்ப்பாக்கம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்! அருகில் மருத்துவர் இல்லாத இடத்தில் மந்திரவாதி அமர்கிறான். மருந்து எட்டாத இடத்தில் சங்கிலி எட்டுகிறது.

மேல்நாட்டைப் பார் என்பாரும் உளர். பார்ப்போம். அமெரிக்காவில் 1955-இல் அரசு மனநோய் மருத்துவமனைகளில் 5,50,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அங்கே கொடுமை நடக்கிறது, நோயாளரை ஊரோடு வாழ விடுவோம் என்று கதவைத் திறந்தனர். நூற்றாண்டின் இறுதியில் எண்ணிக்கை 1,00,000-க்கும் கீழே இறங்கிற்று. நன்று! ஆனால் ஊரிலே அவர்களுக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன மருத்துவ நிலையங்கள் சொன்ன அளவுக்கு எழவில்லை. வெளியே வந்தவர்களிற் பலருக்கு வீடில்லை, மருந்தில்லை, தெருவே கிடைத்தது. தெருவிலிருந்து சிறை எவ்வளவு தூரம்? இன்று லாஸ் ஏஞ்சலீசிலும் சிகாகோவிலும் உள்ள பெருஞ்சிறைகளே நாட்டின் மிகப்பெரிய மனநோய் நிலையங்கள் என்று அந்நாட்டவரே நாணத்தோடு கூறுகின்றனர். மனநோய்ப் படுக்கை குறைந்த நாடுகளில் சிறை நிரம்புகிறது என்று 1939-லேயே லயனல் பென்ரோஸ் என்ற ஆங்கில மருத்துவர், ஐரோப்பிய நாடுகளின் கணக்கை ஒப்பிட்டுக் காட்டியிருந்தார். சங்கிலியை அறுத்தால் மட்டும் போதாது. அறுத்த கையால் மருந்தும் நீட்ட வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

நம் நாட்டில் இன்று சட்டம் குறைவில்லை. 2017-இல் இயற்றி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் கட்டலாகாது என்கிறது. தெருவில் அலையும் மனநோயாளரைக் காவலர் தம் பொறுப்பில் எடுத்தால், காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்கிறது. மாநிலத்துக்கு ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவப் பிரிவு வேண்டும் என்கிறது. மருத்துவம் பெறுவது மக்களின் உரிமை என்கிறது. ஏட்டிலே இவ்வளவு. நாட்டிலே? பெங்களூர் மனநல நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய ஆய்வு, நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை உரிய மருத்துவம் பெறாமல் இருக்கின்றனர் என்று கண்டது. சட்டம் எழுதியாயிற்று, மருத்துவர் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் சிறை வாய் திறந்து நிற்கிறது.

இளைஞர்களே! உங்களால் ஆவது என்ன? உங்கள் ஊரில் கந்தலோடு அலையும் ஒருவரைக் காவலர் கூட்டிச் சென்றால், உடன் செல்லுங்கள். எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கட்டி வைத்த பிள்ளை எந்த வீட்டிலேனும் இருந்தால், அந்தத் தாயைப் பழிக்காதீர்கள். மாவட்ட மருத்துவமனைக்கு வழித்துணையாகச் செல்லுங்கள். சிறையில் விசாரணை நின்றுபோன நோயாளி உண்டென அறிந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். இலவச வழக்குரைஞரைத் தருவது அதன் கடமை. ஹசாரிபாக் கதவைத் தட்டியது ஒரு கடிதந்தான் என்பதை மறவாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, அதற்குக் காசும் வேண்டா, காகிதமும் வேண்டா. எதிரியை ஏச ‘பைத்தியக்காரன்’ என்ற சொல்லை நம் மேடைகளிலும் ஏடுகளிலும் எத்தனை முறை எறிந்திருப்போம்! மூடனை மூடன் என்போம். வஞ்சகனை வஞ்சகன் என்போம். பிணியின் பெயரை வசைச்சொல் ஆக்குவதை இன்றோடு விடுவோம். காசநோயாளி என்று எவரையும் ஏசுகிறோமா?

மச்சாங் லாலுங் விடுதலை பெற்றபின் ஈராண்டு சில திங்களே வாழ்ந்தார், 2007-இல் மறைந்தார். 54 ஆண்டு அடைபட்டவருக்கு ஈராண்டு வானம்! இழப்பீடாக உச்சநீதிமன்றம் பணம் தரச் சொன்னது, தந்தனர். இளமையை எந்தக் கருவூலத்திலிருந்து எடுத்துத் தருவது?

அவரைச் சிறையில் வைத்தது வெறுப்பன்று என்றேன், மறதி என்றேன். வெறுப்பை எதிர்க்கப் போராட்டம் வேண்டும். மறதியை எதிர்க்க நினைவு போதும். இன்றிரவு, எங்கோ ஒரு கொட்டடியில், தன் வழக்கு எண்ணும் அறியாத ஒருவன் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கக் கூடும். அவனால் நம்மைக் கூப்பிட முடியாது. கூப்பிட முடியாதவனின் குரல் கேட்கும் செவியே பகுத்தறிவாளனின் செவி!